சினை பார்க்கும் கை

இடது கை தோள்பட்டை வரை மாட்டுக்குள் இருக்கிறது. கன்னம் மாட்டின் பின்தொடையில் சாய்ந்திருக்கிறது. கண்கள் மூடியிருக்கின்றன. புதிதாகப் பார்ப்பவர்கள் அவர் தூங்குகிறார் என்றுதான் நினைப்பார்கள். ஐந்து எண்ணுவதற்குள் உதடு மட்டும் அசையும். "நாலு." கை வெளியே வரும். நான் இரும்புக் கூண்டின் முன்கதவை இழுப்பேன். மாடு துள்ளி ஓடும். அடுத்தது உள்ளே வரும். "வாங்க மேடம். கை கொஞ்சம் சில்லுனு இருக்கும், மனசுல வச்சுக்காதீங்க." மறுபடி கன்னம் சாயும். "ஆறு." அடுத்தது. "வெறும்."

எண் என்றால் சினை எத்தனை மாதம் என்று அர்த்தம். வெறும் என்றால் உள்ளே கன்று இல்லை. அந்தச் சொல் காதில் விழுந்ததும் மாட்டின் முதுகில் நீலச் சாயக்கட்டியால் ஒரு கோடு இழுப்பதும் என் வேலை. கோடு விழுந்த மாடு இடப்பக்கப் பட்டிக்குப் போகும். அங்கிருந்து லாரி, லாரியிலிருந்து கரையோரத்து இறைச்சி ஆலை. எங்கள் பக்கத்தில் கன்று போடாத மாட்டுக்கு இரண்டாவது வருடப் புல் கிடையாது.

நெரிடா டக்வெல்லுக்கு அறுபத்தொரு வயது. கிளான்கரிக்கு வடக்கே வளைகுடா வரைக்கும் நாற்பது பண்ணைகளில் அவர்தான் சினை பார்க்கிறார். இதுவரை எத்தனை மாடு பார்த்திருப்பீர்கள் என்று ஒரு பண்ணைக்காரர் கேட்டபோது, "இதுவரைக்கும் எத்தனை மூச்சு விட்டேன்னு உனக்குத் தெரியுமா கண்ணு?" என்றார். எல்லோரும் அவருக்குக் கண்ணுதான். மந்திரியும் கண்ணு, லாரி ஓட்டுபவரும் கண்ணு. மாடுகள் மேடம். யாரையாவது பிடிக்காமல் போனால் மட்டும் 'சார்' என்று கூப்பிடுவார். அவர் வாயால் சார் பட்டம் வாங்கியவர்கள் அந்த வருடம் முழுக்க எங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் இடது கைப்பகுதி தோளோடு வெட்டப்பட்டிருக்கும். வெட்டிய துணியை எறிய மாட்டார். ஒரு முனையில் முடிச்சுப் போட்டு உள்ளே வெங்காயம், உருளைக்கிழங்கு, துருப்பிடித்த ஆணி என்று நிரப்பி வண்டியின் பின்பக்கம் தொங்கவிட்டிருப்பார். ஏழெட்டுக் கைகள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி இறங்கச் சொன்னது உண்மை. கணவர் ஒருவர் இருந்தார். வேலி போடும் ஒப்பந்தக்காரர். இப்போது பெர்த்தில் வேறொரு வீட்டில் இருக்கிறார். "நல்லாத்தான் இருக்காராம். எனக்கு அதுல ஆட்சேபணை ஒண்ணும் இல்ல."

நெரிடாவின் அப்பா கிளான்கரியில் ரொட்டிக் கடை வைத்திருந்தவர். கை பழகியது அங்கேதான் என்பார். "மாவு பொங்கிடுச்சான்னு துணிக்கு மேல தொட்டே சொல்லணும் எங்கப்பாவுக்கு. துணியத் தூக்கிப் பாத்தா முட்டியில கரண்டியால ஒண்ணு விழும். மாட்டுக்கும் அதே கதைதான். தூக்கிப் பாக்க முடியாது, தொட்டுத்தான் சொல்லணும்."

மாடு ஏன் சினை பிடிக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு அவர் ஒரே பதிலைத்தான் பல வருடமாகச் சொல்லிவருகிறார். "மாடு மொதல்ல தன் உயிரப் பாத்துக்கும் கண்ணு. அப்புறம் காலடியில நிக்கிற கன்னுக்குப் பாலு. அதுக்கும் மேல ஒடம்புல ஏதாவது மிச்சம் இருந்தாத்தான் அடுத்த கன்னப் பத்தி யோசிக்கும். நீ போடுற தீனியில மிச்சம் இருக்கான்னு நீயே சொல்லு." இனத்தைப் பற்றிக் கேட்டால் குரல் இன்னும் கொஞ்சம் உயரும். "எந்த இனம் நல்லதுன்னு என்னக் கேக்காத. உன் மண்ணக் கேளு, உன் வெயிலக் கேளு. தெற்க குளிருல ராஜா மாதிரி இருக்குறவன் இங்க வந்து நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிப்பான்."

ஒன்பது வருடமாக அவருக்குக் கதவு இழுக்கிறேன். போன வருடம் மார்ச்சில் ஒரு காலையில் சட்டைப் பொத்தானை மாட்டிவிடச் சொன்னார். விளையாட்டு என்று நினைத்தேன். அடுத்த நாளும் சொன்னார். மூன்றாவது நாள் நானே கேட்டேன்.

"சுண்டு விரலும் மோதிர விரலும் யாரோ வாடகைக்குக் குடுத்த மாதிரி இருக்கு" என்றார். "மத்த மூணும் என்னோடதுதான். அதப் பத்தி வாயத் தொறக்காத."

முப்பது வருடமாக ஒரு நாளைக்கு நானூறு மாடு. ஒவ்வொன்றும் உள்ளே போன கையை இறுக்கிப் பிழியும். முழங்கையில் நரம்பு நசுங்கிவிட்டது, அறுவை செய்து ஆறு மாதம் கையைச் சும்மா வைக்க வேண்டும் என்று மவுண்ட் ஐசாவில் மருத்துவர் சொல்லியிருந்தார். மாடு பார்க்கும் பருவம் முடியட்டும் என்று இவர் சொல்லிவிட்டு வந்துவிட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்த மே மாதத்தில்தான் வில்கா ஓடைப் பண்ணைக்குப் போனோம்.

வாரிக் ஷெப்லியும் அவர் மனைவி மர்னியும் நடத்தும் பண்ணை அது. வாரிக் நாற்பத்து நாலு வயது, அதிகம் பேசாதவர், வேலையில் கெட்டிக்காரர். முந்தைய வருடம் வரை அங்கே திமில் வைத்த மாடுகளும் திமில் வைத்த காளைகளும்தான். வெயிலும் உண்ணியும் அவற்றை ஒன்றும் செய்யாது. ஆனால் முரட்டு ஜாதி. ஒரு நாள் பட்டியில் ஒரு காளை மர்னியை இரும்புக் குழாயோடு சேர்த்து வைத்து அழுத்திவிட்டது. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. நான்கு மாதம் ஆஸ்பத்திரி. வீடு திரும்பியபோது கைத்தடியோடு வந்தார். அதே வாரத்தில் வாரிக் எல்லாத் திமில் காளைகளையும் லாரி ஏற்றிவிட்டார். தெற்கே போய்ப் பதினாறு கருப்புக் காளைகள் வாங்கிவந்தார். கொம்பில்லாதவை, சாதுவானவை. கொட்டகையில் நிற்க வைத்து வாற்கோதுமை ஊட்டி வளர்த்தவை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதுபோல் மின்னின. கழுத்துக்கடியில் கொழுப்பு மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. மர்னி கைத்தடியை வேலியில் சாய்த்துவிட்டு ஒரு காளையின் நெற்றியைச் சொறிந்துவிடும் படம் அவர்கள் சமையலறைச் சுவரில் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்தால், அந்த மனிதர் ஏன் அந்தக் காளைகளை வாங்கினார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நாங்கள் பட்டிக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்போதே நெரிடா ஒரு மாட்டைக் காட்டினார். அதன் வாயில் கங்காரு எலும்பு ஒன்று இருந்தது. கண்ணை அரைகுறையாக மூடிக்கொண்டு அதை மென்றுகொண்டிருந்தது.

"வாரிக், உப்பு எங்க?" இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவர் கேட்டது தாது உப்பை. அந்தப் பக்கத்து மண்ணில் பாஸ்பரஸ் இல்லை. மண்ணில் இல்லாதது புல்லில் இருக்காது, புல்லில் இல்லாதது மாட்டின் எலும்பிலிருந்து போகும். மழைக்காலம் முழுக்கத் தொட்டியில் தாது உப்பு வைத்தாக வேண்டும்.

"இந்த வருஷம் வைக்கலங்க" என்றார் வாரிக். "காளைங்களுக்கே கையில இருந்ததெல்லாம் காலியாயிடுச்சு. ஆனா மழை பெஞ்சுச்சே, புல்லு நல்லாப் பச்சையாத்தான் இருந்துச்சு."

"பச்சையா இருந்தா அதுல எல்லாம் இருக்குன்னு யாரு கண்ணு சொன்னா?"

"மழை சீக்கிரமே நின்னும் போச்சு" என்றார் மர்னி, வேலியோரத்தில் கவிழ்த்துப் போட்ட டிரம்மில் உட்கார்ந்தபடி. "நான் சொன்னேன், ரெண்டு காளை கம்மியா வாங்கி உப்புக்கு வச்சுக்கலாம்னு. என் இடுப்பக் காட்டியே என் வாய அடச்சுட்டார்."

வாரிக் சிரித்தார். மர்னியும் சிரித்தார். அன்று பட்டியில் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான்.

மாடுகள் வர ஆரம்பித்தன. விலா எலும்பை எண்ணலாம். ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு பெரிய கன்று இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தது. "வெறும். வெறும். அஞ்சு. வெறும். வெறும். வெறும்." முதல் சாயக்கட்டி பத்து மணிக்கு முன்பே தேய்ந்துபோனது. மர்னி முதலில் ஒவ்வொரு எண்ணுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஆட்டுவதை நிறுத்தினார். பிறகு கைத்தடியை ஊன்றி எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். இடப்பக்கப் பட்டி நிரம்பி, மாடுகள் ஒன்றின் மேல் ஒன்று தாடையை வைத்துக்கொண்டு நின்றன. வாரிக் வேறொரு வேலி போட்டு இன்னொரு பட்டியைத் திறந்துவிட்டார்.

"அதத் திரும்பப் பாருங்க" என்றார் ஒரு மாட்டைக் காட்டி. "என் கண்ணு முன்னாடி காளை ஏறின மாடு அது."

நெரிடா மறுபடி கையை விட்டார். இந்த முறை இருபது எண்ணும் வரை விட்டிருந்தார். "ஏறினத நான் இல்லன்னு சொல்லல. உள்ள ஒண்ணும் இல்ல."

மூன்று மணிக்குக் கடைசி மாடு போனது. நானூற்றுப் பன்னிரண்டில் நூற்று முப்பத்தொன்று சினை. இருநூற்று எண்பத்தொன்று வெறும். நான் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது, சொன்னேன்.

வாரிக் தொப்பியைக் கழற்றினார். அதன் உள்விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். தலையை நிமிர்த்தியபோது முகம் வேறாக இருந்தது. அதுவரைக்கும் நீங்க, வாங்க என்றே பேசிய மனிதர்.

"உன் கை மரத்துப்போச்சு, கிழவி" என்றார். "பாதி மாடு சினையாத்தான் இருக்கும். உனக்குத் தெரியல. கை மரத்துப்போயி வருஷக் கணக்காகுது, வெக்கத்துல வெளியில சொல்லாம ஊரு ஊராப் போய் மாட்டக் கொன்னுக்கிட்டுத் திரியுற."

கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் என் கையிலிருந்த சாயக்கட்டி கீழே விழுந்தது. நெரிடாவை நான் பார்க்கவில்லை. பார்த்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

அவர் சார் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கையுறையை மெதுவாக உரித்து வாளியில் போட்டார்.

"லாரி எப்ப கண்ணு?"

"புதன்கிழமை. பாதி போகும்."

"வேற ஆள வச்சு ஒரு தடவ பாத்துக்கிறியா?"

"மூணு வாரத்துக்கு ஆள் கிடையாது. மூணு வாரத்துக்குப் புல்லும் கிடையாது."

"அப்ப நானும் ஆலைக்கு வரேன். நீயும் வா. ஒவ்வொண்ணையும் வெட்டி உள்ள பாத்துருவோம். நான் வெறும்னு சொன்னதுல பத்து கன்னு இருந்தா அதுக்கப்புறம் நான் கையுறை மாட்டல."

வாரிக் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

கரைக்கு எண்ணூறு கிலோமீட்டர். வாரிக் தன் வண்டியில் லாரிக்குப் பின்னால் வந்தார். எங்கள் வண்டியை நான் ஓட்டினேன். நெரிடா இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் ஒவ்வொரு விரலாகக் கிள்ளிக்கொண்டே வந்தார். ரிச்மண்டு தாண்டும்போது, "எத்தன இருக்கும்னு நினைக்கிற?" என்று கேட்டார். நான் தெரியாது என்றேன். "எனக்கும் தெரியல. அதான் போறேன்" என்றார். இத்தனை வருடத்தில் தன் கையைப் பற்றித் தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆலையில் எங்களுக்கு வெள்ளை அங்கியும் ரப்பர் பூட்ஸும் தலைக்கு வலையும் கொடுத்தார்கள். குடலும் கழிவும் வந்து விழும் அறையில் சிமி என்ற சாமோவாக்காரர் மேற்பார்வையாளர். நெரிடாவைப் பல வருடமாகத் தெரிந்தவர். "அம்மா, சங்கிலி உங்களுக்காக நிக்காது. வர்ற வேகத்துல பாத்துக்கணும்" என்று சொல்லி ஓர் எஃகு மேசையைக் காட்டிவிட்டுப் போனார். சூடும் ஈரமும் இரைச்சலும். சுவருக்கு அந்தப் பக்கம் வில்கா ஓடை மாடுகள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தன. இந்தப் பக்கம் அவற்றின் கருப்பைகள் சரிவில் வழுக்கிக்கொண்டு வந்தன.

நெரிடா வெட்டினார். எதுவும் இல்லை. அடுத்தது, எதுவும் இல்லை. அடுத்தது. வாரிக் மேசையின் மறுபக்கம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். இருபதாவது வந்தபோது கைகள் தாமாகவே தொங்கிவிட்டன.

"கிட்ட வா" என்றார் நெரிடா. "கன்னு இல்லங்குறது இப்பத் தெரிஞ்சுபோச்சு. ஏன் இல்லன்னு பாரு." கருப்பையின் பக்கத்தில் இருக்கும், முட்டை உருவாகும் சினைப்பையை வெட்டி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். காய்ந்த மொச்சைக்கொட்டைபோல் சின்னதாக, வழவழப்பாக, கெட்டியாக இருந்தது. "அமுக்கிப் பாரு. இந்த வருஷம் இவ பருவத்துக்கே வரல. கன்னுக்குப் பாலு குடுத்தா, எலும்ப மென்னா, அதோட தீந்துபோச்சு. உலகத்துல உள்ள அத்தன காளையையும் கொண்டுவந்து நிறுத்தினாலும் இவளுக்கு சினை பிடிக்காது."

இன்னொன்றை எடுத்து அடுத்த உள்ளங்கையில் வைத்தார். இது பெரிய திராட்சைப் பழம்போல் இருந்தது. ஒரு பக்கத்தில் மஞ்சளாக ஒரு புடைப்பு. பக்கத்திலேயே மங்கிய பழைய தழும்புகள். "இவ கொஞ்சம் சதைப்பிடிப்பான மாடு. மூணு வாரத்துக்கு ஒரு தடவ தயாரா நின்னிருக்கா. இந்த மஞ்சக் கட்டி முட்ட வந்துட்டுப் போன இடம். இங்க பாரு, போன தடவ வந்தது. இது அதுக்கு முந்தி. சீழ் இல்ல, நோவு இல்ல. வரவேண்டியவன்தான் வரல. இல்ல, வந்து ஏறியும் அவன்கிட்ட ஒண்ணும் இல்ல."

வாரிக் இரண்டு உள்ளங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஜனவரியெல்லாம் அவனுங்க மரத்தடியில படுத்துக்கிட்டு மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தானுங்க" என்றார். "வெயிலு பழகட்டும்னு விட்டேன்."

"விதைப்பைய சுத்திக் கொழுப்பு கண்ணு. காத்துப் படாம சூட்டுலயே வெந்துபோயிருக்கும். அவ்ளோ தீனி போட்டு வளத்தவன் பாக்குறதுக்கு அழகா இருப்பான். அழகுக்குத்தான் நீ வாங்கின."

"அழகுக்கு வாங்கல" என்றார் வாரிக்.

நெரிடா கத்தியை வைத்துவிட்டு ஒரு கணம் அவரைப் பார்த்தார். "தெரியும்" என்றார். "அது வேற. இது வேற."

கைகளைக் கழுவ வாரிக் மூலையிலிருந்த குழாய்க்குப் போனார். தண்ணீர் ஓட ஆரம்பித்து வெகுநேரம் நிற்கவில்லை. அப்போதுதான் அது வந்தது. சரிவில் வரும்போதே கனம் தெரிந்தது. நெரிடாவின் கத்தி பாதியில் நின்றது. பிறகு மெதுவாக முழுதும் திறந்தார். நீருக்குள் ஒரு கன்று. என் முன்கை நீளம் இருக்கும். தோலில் முடி இல்லை, உதட்டைச் சுற்றி மட்டும் பூனை மயிர். குளம்புகள் மெழுகில் செய்ததுபோல் வெளுத்திருந்தன. நாலரை மாதம். அந்த மாதத்தில் கருப்பை வயிற்றுக்குள் கீழே இறங்கிவிடும், கைக்கு எட்டாது. அதற்குப் போகும் ரத்தக்குழாயை விரலால் தொட்டால் தேனீ சிக்கியதுபோல் விர்ரென்று துடிக்கும். அந்தத் துடிப்பை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அதைத் தொடும் விரல்கள் எவை என்று எனக்குத் தெரியும்.

வாரிக் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சிமி பார்த்துவிட்டார். கழிவு வாளியைக் காலால் நகர்த்தி மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வாளிக்கும் மேசைக்கும் ஒரு சாண் தூரம்.

"வாரிக்" என்று நெரிடா கூப்பிட்டார். இரைச்சலில் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். "வாரிக்! இங்க வா."

வந்தார். பார்த்தார். கைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இது சினை மாடு. நான் வெறும்னு சொன்னேன். என் தப்பு."

"ஒண்ணுதானா?"

"இதுவரைக்கும் ஒண்ணு."

அன்று வந்தவை நூற்றுப் பதினெட்டு. கடைசிவரை நின்று வெட்டினோம். எழுபத்தொன்றில் காய்ந்த மொச்சை. நாற்பத்தாறில் மஞ்சள் புடைப்பு. ஒன்றில் கன்று. அங்கியைக் கழற்றும் இடத்தில் வாரிக் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூத்துப் பதினேழு என்னோடது" என்றார். "ஒண்ணு உன்னோடது."

"ஆமா" என்றார் நெரிடா.

மறுநாளே நேராக வில்கா ஓடைக்குப் போனோம். பட்டியில் மிச்சமிருந்த நூற்று அறுபத்து மூன்று மாடுகளையும் அவர் மறுபடி பார்த்தார், இந்த முறை வலது கையால். பழக்கமில்லாத கை. இரண்டு நாள் ஆனது. இன்னும் இரண்டு மாடு சினை என்று சொன்னார். அவற்றின் நீலக் கோட்டை மண்ணெண்ணெய்த் துணியால் நானே துடைத்தேன். கூலி வாங்கவில்லை. கையை மாற்றியது ஏன் என்று வாரிக் கேட்கவில்லை. அசதி என்று நினைத்திருப்பார். அடுத்த வாரம் கால்நடை மருத்துவர் வந்து காளைகளைச் சோதித்தார். பதினாறில் பதினொன்று எதற்கும் ஆகாது என்றார்.

பிறகு நெரிடா நாற்பது பண்ணைகளுக்கும் ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன். "கண்ணு, நெரிடா பேசுறேன். மே மாசம் ஒரு இடத்துல மூணு சினை மாட்ட வெறும்னு சொல்லிட்டேன். உன்கிட்டயும் சொல்லியிருக்கலாம். தெரிஞ்சுக்க." சிலர் சிரித்தார்கள், எல்லோருக்கும் நடப்பதுதானே என்றார்கள். பதினாலு பேர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். கையைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"தப்ப சொல்லிட்டேன்ல? காரணத்த எதுக்குச் சொல்லணும்? காரணம் சொன்னா அது மன்னிப்புக் கேக்குற மாதிரி ஆயிடும்."

மழைக்காலத்தில் வெளியில் சொல்லாமல் அறுவை செய்துகொண்டார். பலனில்லை, தாமதமாகிவிட்டது. இப்போது வலது கையால்தான் பார்க்கிறார். நாளைக்கு நூற்றைம்பது மாடு போனால் அதிகம். சந்தேகம் வந்தால் கோடு போடச் சொல்ல மாட்டார், ஒரு மாதம் கழித்து மறுபடி வந்து பார்ப்பார். "வலது கைய இப்பத்தான் பள்ளிக்கூடத்துல சேத்திருக்கு, பெயிலாகாம இருக்கணும்" என்பார். சட்டைகளில் இரண்டு பக்கமும் கை இல்லை.

வில்கா ஓடையைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். நூற்று முப்பத்து மூன்று மாடுகளை வைத்து அவ்வளவு பெரிய நிலத்தை நடத்த முடியாது. மர்னி கிளான்கரியில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்க்கிறார், உட்கார்ந்து செய்யும் வேலை. வாரிக் பண்ணை பண்ணையாகக் கூலிக்குப் போகிறார். வார இறுதியில் ஊருக்கு வருவார். கடைத்தெருவில் எங்கள் வண்டியைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போனது.

இந்த ஆகஸ்டில் லெய்க்கார்ட் ஆற்றங்கரையில் ஒரு பண்ணைக்குப் போனபோது, மாட்டைக் கூண்டுக்குள் தள்ளும் பின்கதவில் வாரிக் நின்றிருந்தார். தாடி வளர்த்திருந்தார், நரைத்திருந்தது. காலை முழுக்க வேலை நடந்தது. மாடு உள்ளே வந்தது, எண் சொல்லப்பட்டது, மாடு வெளியே போனது. அவ்வளவுதான். மத்தியானம் மரத்தடியில் தீ மூட்டித் தேநீர் கொதிக்க வைத்தோம். பண்ணையாட்கள் ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நெரிடா ஒரு பாதிரியாரின் கார் மேல் காளை ஏறிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நன்றாகச் சொல்லுவார். வலது கையால் அந்தக் காளையின் கொம்பை, பாதிரியாரின் குடையை எல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். இடது கையில் தகரக் குவளை இருந்தது. தணலை ஒட்டி வைத்திருந்த குவளையில், கொதித்த தேநீரை அப்போதுதான் ஊற்றியிருந்தோம். மற்றவர்கள் எல்லோரும் தத்தம் குவளையைத் தரையில் வைத்துவிட்டு ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். நெரிடா மூன்று விரல்களால் துணி சுற்றிய காதைப் பிடித்திருந்தார். சுண்டு விரலும் மோதிர விரலும் தகரத்தோடு ஒட்டிக் கிடந்தன. அவற்றின் தோல் சிவந்து, பிறகு வெளுக்கத் தொடங்கியது. கதை குடையில் இருந்தது.

நான் எதிர்ப்பக்கம் இருந்தேன். என்னைவிட முன்னால் வாரிக் பார்த்துவிட்டார். அவர் முகத்தை நான் பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியாத முகம். பிறகு அன்று பட்டியில் சொன்ன பழைய வாக்கியத்தைத் தன் வாயிலேயே மறுபடி கேட்டதுபோல் அந்த முகம் அடங்கியது. அவர் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் ஐந்தாறு பேர் இருந்தார்கள். சொன்னால் சாயங்காலத்துக்குள் வளைகுடா வரை தெரிந்திருக்கும்.

எழுந்தார். தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பால் குவளையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, குவளையை எடுத்துத் தரையில் வைத்தார். தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அந்த இரண்டு விரல்களின் மேலும் மெதுவாக ஊற்றினார். "ஈ விழுந்துருச்சு, வேற ஊத்தித் தரேன்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

நெரிடா தன் கையைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடைய கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "அப்ப அந்தப் பாதிரியாரு குடைய விரிச்சாரு பாருங்க" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தபடியே, புதுக் குவளைக்கு வலது கையை நீட்டினார்.